திராட்சை வியாபாரி சொல்லும் தேதி

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர், மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கே கேட்கும்படி மனைவியிடம் சொன்னார்:

“நம்ம திராட்சை யாவாரி டாக்டருக்குப் படிச்சிருக்கணும்.”

“எதுக்கு?”

“ஒரு பழத்த வாயில போட்டதும், இன்னும் எட்டு நாள்ல வெட்டலாம்னு தேதி சொல்லிர்றாரு. இவுக வயித்துக்குள்ள கொழாய விட்டு, புத்துக் கட்டியில துண்டு வெட்டி எடுத்து, மெஷினு மெஷினா படுக்கப் போட்டுப் பாத்தாக. எம்புட்டு நாளைக்கு இருப்பேன்னு கேட்டா, ‘சொல்ல முடியாது, மருந்த ஆரம்பிச்சுப் பாப்போம்’ங்குறாக.”

“அந்த யாவாரி சொன்ன தேதிக்கு என்னைக்கு வந்து வெட்டியிருக்காரு? எட்டு நாள்னா இருபது நாளாகும். அதுவரைக்கும் பழம் கொடியிலதான கெடக்கு?”

அவர் அதை யோசித்தார். சின்னமனூரில் பாதி பஸ் இறங்கி, வேறு பாதி ஏறியது.

“கொடிய இப்பக் கவாத்து வெட்டினா, புதுசாத் துளிர் விட்டுப் பழம் பாக்க நாலு மாசம் ஆகும். வெட்டவா, விட்டுரவான்னு டாக்டர்ட்டயே கேட்டேன். அடுத்த ஆள உள்ள வரச்சொல்லி மணியடிச்சுட்டாரு.”

“நான் ஆளுகளுக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில எட்டுப் பேரு கத்திரியோட வாராக.”

“எப்பச் சொன்ன? ரிப்போர்ட்டே இன்னைக்குத்தான குடுத்தாக?”

“போன வாரமே சொல்லிட்டேன். நீங்க வரப்புல ஒக்காந்து, ஒழுங்கா வெட்டலன்னு அவுகள வைஞ்சா போதும்.”