மடைக்குக் கிழக்கே ஒரு குழி

நான் மீன் தின்பதில்லை, ஐயா. உட்கார்ந்து முள் எடுக்கப் பொறுமை கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கத்து மீன்பிடித் திருவிழாவுக்குத் தவறாமல் போவேன்.

திருநகருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கண்மாயைச் சீரமைக்க அரசு நிதி வந்தது. வேலையை எடுத்தவன் நான். மார்ச் மாதத்துக்குள் முடிக்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும். கண்மாய் முழுக்கச் சீராக மூன்றடி தூர்வார நாள் போதவில்லை. மடைக்குக் கிழக்கே ஒரே இடத்தில் இருபதடி தோண்டி, அந்த மண்ணைக் கரையில் கொட்டினேன். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. ஊர் எனக்கு மாலை போட்டது.

இந்த வைகாசியில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். மடை திறக்கும் விருமாண்டி அண்ணனுக்குக் குழி தெரியும். முந்தின நாளே அதைச் சுற்றிக் குச்சி ஊன்றிச் சிவப்புத் துணி கட்டினார்.

"குச்சிக்கு அங்கிட்டு யாரும் போகாதீகன்னு சொல்லிட்டேன் சார்" என்றார்.

திருவிழா அன்றே ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதாக இருந்தது. அவர்கள் திருப்தியாக எழுதினால்தான் இரண்டாம் தவணை. சிவப்புத் துணி எதற்கு என்று கேட்பார்கள் அல்லவா? விடியற்காலையில் தண்ணீரில் இறங்கிப் போய்க் குச்சிகளைப் பிடுங்கிவிட்டேன்.

வெள்ளைத் துண்டை வீசித் தொடங்கிவைக்கும் மரியாதையை எனக்கே கொடுத்தார்கள். விருமாண்டி அண்ணன் இன்னும் கோயில் பூசையில் இருந்தார். அவர் மனைவி செல்லத்தாய் கூடையோடு முன்னால் நின்றாள்.

"சார், எங்க வீட்டுக்காரரு ஊண்டுன குச்சியக் காணமே?"

"அவரே எடுத்துட்டாரும்மா. இம்புட்டுத் தண்ணிதான், பயப்படாத."

துண்டை வீசினேன். எல்லோரும் ஓடி இறங்கினார்கள். அவளையும், அவளைப் பிடிக்கப் போன மகள் பாண்டீஸ்வரியையும் மத்தியானம்தான் குழியிலிருந்து எடுத்தார்கள். நான் அழுதேன், ஐயா. உண்மையாகவே அழுதேன்.

நீச்சல் தெரியாததால் நேர்ந்த விபத்து என்று எழுதினார்கள். தவணை வந்தது. முதல் வேலையாக அந்தக் குழியை மூடினேன்.

விருமாண்டி அண்ணன் தினமும் கரையில் வந்து உட்காருகிறார். "நாந்தான் சார் ஆழமா ஊண்டாம விட்டுட்டேன். நானே கொன்னுட்டேன்" என்கிறார். மூன்று மாதமாக நானும் அவரைத் தேற்றிப் பார்த்துவிட்டேன். அவர் சாப்பிடுவதில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கண்மாய்க்காகத்தான் செய்தேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். செல்லத்தாய் உயிரோடு இருந்திருந்தால், அவளே வந்து எனக்காகச் சாட்சி சொல்லியிருப்பாள்.