சைக்கிள் பாரில் ஓர் இடம்

"படுங்கோ. எல்லாரும் விழுந்து படுங்கோ!"

யார் கத்துகிறார் என்று தெரியவில்லை. படுக்க இடமில்லை. வீதி முழுக்க மனிதர். மழை. மாடுகள். அம்மாவின் சேலைத்தலைப்பு என் கையில். அதை விடக்கூடாது. அது ஒன்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

1995. அக்டோபர் முடிகிறது. ராணுவம் நெருங்குகிறது. யாழ்ப்பாண நகரம் முழுவதும் ஒரே வீதியில் கிழக்கே நகர்கிறது. நகர்கிறது என்பதும் பொய். ஓர் அடி வைக்கிறது. நிற்கிறது. நாவற்குழிப் பாலம் பின்னால் போய்விட்டது. எனக்குப் பதினொரு வயது.

அப்பா முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். கரியரில் அரிசி மூட்டை. பாரில் எஸ்தர் அக்கா. அவளுக்குப் பதின்மூன்று. இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு ராசாத்தி மாதிரி இருக்கிறாள். அவள் நடக்கவில்லை. நான் நடக்கிறேன். எனக்கு வானத்தில் சுற்றும் ஹெலி பெரிதாகத் தெரியவில்லை. அந்த இரும்புப் பார்தான் பெரிதாகத் தெரிகிறது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நட, வாத்து" என்றாள்.

சிரித்தாள். சனம் நடுவில் புகுந்தது. சைக்கிள் இன்னும் கொஞ்சம் முன்னால் போனது.

தூரத்தில் ஒரு "டும்". பிறகு கூவல். கூவல் கேட்டால் ஷெல் உன் தலையைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத பாடம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம்.

கூவியது. என்னைத் தாண்டியது. அப்பாவைத் தாண்டவில்லை.

பிறகு நடந்ததை எழுத மாட்டேன். சைக்கிளின் மணி மட்டும் ஒருமுறை அடித்தது. யாரும் அடிக்காமல்.

*

அந்தப் பாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

நாங்கள் வட்டுக்கோட்டைப் பக்கம். அமெரிக்கன் மிஷன் வழி வந்த குடும்பம். அப்பா கணக்கு வாத்தியார். கோயிலில் மற்றவர்கள் எப்போதோ கைவிட்ட வினாவிடைப் பாடத்தை அப்பா கைவிடவில்லை. ஒவ்வொரு மாலையும் ஜெபம் முடிய ஒரு கேள்வி. நாங்கள் இருவரும் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டும். ஒரு சொல்லும் தவறாமல் சொல்பவள் மறுநாள் பள்ளிக்குச் சைக்கிள் பாரில் போவாள். அப்பாவின் கைகளுக்கு நடுவில், காற்று முகத்தில் அடிக்க. மற்றவள் கரியரில். அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு.

அப்பா விதியை மீறியதில்லை. அழுதாலும் இல்லை. காய்ச்சல் என்றாலும் இல்லை. நான் அந்த முதுகை நன்றாக அறிவேன். சட்டையின் தையல்கூட ஞாபகம். எஸ்தர் அக்கா அவர் முகத்தை அறிவாள்.

வெளிக்கிட்ட நாளிலும் கேள்வி கேட்டார். பாலத்துக்குக் கிட்ட. மழைக்குள். "எங்கை, சொல்லு பாப்பம். கடவுள் சிலரைத் தெரிந்துகொண்டது எதனால்?" தெரிந்துகொள்வது என்றால் வேதத் தமிழில் தேர்ந்தெடுப்பது.

என் ஞாபகத்தில் இப்படி இருந்தது. நான் முந்திக்கொண்டு சொன்னேன். நடுவில் ஒரு சொல்லை விழுங்கினேன். எஸ்தர் அக்கா கடகடவென்று முழுவதையும் சொன்னாள். பாரில் ஏறினாள். நான் தோற்றேன். தோற்றபடியால் பின்னால் நடந்தேன். பின்னால் நடந்தபடியால் இருக்கிறேன்.

பன்னிரண்டு வருடம் இதை இப்படியே வைத்திருந்தேன்.

*

2007. ஜெர்மனி. கெல்சென்கிர்ச்சன் நகரம். மாமா முதலே இங்கே இருந்தார். அவர்தான் எங்களை எடுப்பித்தவர். அம்மா முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. நான் பக்கத்து நகரப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். மாமாவுக்கு இன்றுவரை இது ஒரு பகிடி. "செத்த வெள்ளைக்காரரைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய்?"

அந்தப் பருவத்தில் ஒரு செமினார். சீர்திருத்தவாதி கல்வினின் வழி வந்த திருச்சபைகளும் அவர்களுடைய பள்ளிக்கூடங்களும். முதல் வகுப்பிலேயே நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அப்பாவின் கேள்வி அங்கே இருந்தது. ஜெர்மனியின் பிஃபால்ஸ் நாட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஞாயிறு பிற்பகலில் கோயிலில் எழுந்து நின்று விடை சொன்னார்களாம். இங்கிலாந்தில் பியூரிட்டன் என்ற கடும் கல்வின்காரத் தகப்பன்மார் சாப்பாட்டு மேசையில் கேட்டார்களாம். அவர்களின் வம்சம் கடல் தாண்டி அமெரிக்கா போனது. அங்கிருந்து மிஷனரிகள் கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்தார்கள். அப்படியென்றால் அந்தக் கேள்வி ஐரோப்பாவில் புறப்பட்டு, உலகத்தைச் சுற்றி, நாவற்குழிப் பாலத்துக்கு வந்திருக்கிறது. நான் அதன் பின்னாலேயே ஐரோப்பாவுக்கு வந்திருக்கிறேன்.

படிக்கப் படிக்கப் பொறாமை.

பதினாறாம் நூற்றாண்டில் பிஃபால்ஸின் தலைநகர் ஹைடல்பெர்க்கில் ஆட்சி மாறியது. கல்வின் வழிப் பேராசிரியர்களை விரட்டினார்கள். அவர்கள் நாய்ஷ்டாட்டுக்குப் போய் அங்கே பள்ளி திறந்தார்கள். மாணவர்களும் பின்னால் போனார்கள். பாடசாலையோடு ஓடியவர்கள். எங்களால் ஒரு கரும்பலகையைக்கூடக் கொண்டுவர முடியவில்லை. முப்பதாண்டுப் போரில் அவர்களின் நூலகம் கொள்ளை போனது. கோவேறு கழுதைகளில் ஏற்றி மலை தாண்டி ரோமுக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பகுதி இன்றும் அங்கே இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. கொள்ளை போனதை ஒருநாள் போய்ப் பார்க்கலாம். எரிந்ததை எங்கே போய்ப் பார்ப்பது?

வகுப்பில் அன்னிகா என்று ஒருத்தி. பிஃபால்ஸ்காரி. அவளுடைய முன்னோர் மதத்துக்காகப் பிரான்சிலிருந்து ஓடி வந்தவர்கள். எந்த ஊரில் எந்தத் தெருவில் வீட்டை விட்டு வந்தார்கள் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அதைச் சிரித்துக்கொண்டு சொல்வாள், நேற்று நடந்த பகிடி மாதிரி. அவளே ஒருநாள் சொன்னாள்: யாரை மீட்பது என்று கடவுள் முன்பே தெரிந்துகொண்டுவிட்டார் என்ற முன்குறித்தல் கோட்பாடு அகதிகளுக்கு ஆறுதல். வீடு போகலாம், நாடு போகலாம், கடவுள் தெரிந்துகொண்டதை எந்த ராணுவமும் பறிக்க முடியாது.

பேராசிரியர் தலையாட்டினார். எனக்குக் கன்னம் சுட்டது. ஓடிய களைப்பு அவர்கள் வீட்டில் எந்தத் தலைமுறையோடு தீர்ந்தது? என்னுடையது இன்னும் காலில் இருக்கிறது. அவளுக்கு ஆறுதல். எனக்கு ஏன் இல்லை?

கை தூக்கினேன். அடுத்த ரெஃபராட் நான் செய்கிறேன் என்றேன். வகுப்பின் முன்னால் நின்று பேச அரை மணி நேரம். அந்தக் கோட்பாடு கொடூரமானது என்று நிறுவப்போகிறேன். சாட்சி கையில் இருக்கிறது. சரியாகச் சொன்ன பிள்ளை முன்னால் ஏறினாள். செத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை. கோயிலால் வந்து அம்மா லீக்ஸ் வெட்டுகிறார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டுகிறேன். பாலம். மழை. கேள்வி. நான் விழுங்கிய சொல்.

"அப்பிடி நடக்கேல்லை" என்றார் அம்மா.

கத்தி நிற்கவில்லை. லீக்ஸ் வளையம் வளையமாக விழுகிறது.

"நீ பிழை விடேல்லை, பிள்ளை. ஒரு சொல்லும் விடாமச் சொன்னனீ."

"பிறகேன் அக்கா பாரிலை இருந்தவ?"

"அவளுக்குக் காலிலை கம்பி ஏறினது. செருப்பும் சனத்துக்கை துலைஞ்சிட்டுது. கொப்பர்தான் தன்ரை சால்வையைக் கிழிச்சுச் சுத்தினவர். நீ பார்க்கேல்லையே?"

நான் பார்க்கவில்லை. நான் பாரைத்தான் பார்த்தேன்.

"அப்ப ஏன் கேள்வி கேட்டவர்?"

"நீ நடக்க மாட்டன் எண்டு நடுவீதியிலை நிண்டனீ. உன்னை நடக்க வைக்க அந்த மனுசனுக்கு வேறை என்ன தெரியும்?"

"அக்கா என்ன விடை சொன்னவ?"

"அவளைக் கேக்கவேயில்லை."

வெட்டியதைச் சட்டியில் போட்டார்.

"ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ எங்கை கேட்டனீ? நீ எப்பவும் சொல்லிக்கொண்டெல்லோ இருப்பாய்."

*

செவ்வாய்க்கிழமை வகுப்பு. எழுதியதைக் கிழித்துவிட்டுப் போனேன்.

பியூரிட்டன்களைப் பற்றிப் பேசினேன். தான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வாழ்க்கையில் அடையாளம் தேடினார்கள். நடந்ததைப் பார்த்து, காரணத்தைக் கணித்தார்கள். அதைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று சொன்னேன். பாரில் ஏறியவள் வென்றவள். நடந்தவள் தோற்றவள். அப்பாவின் விதி அதுதானே. இருக்கையைப் பார்த்து விடையைக் கண்டுபிடித்தேன். நான் செய்யாத தவறை நானே உண்டாக்கி, பன்னிரண்டு வருடம் மனப்பாடம் செய்தேன்.

கடைசியாக அப்பாவின் கேள்விக்கு விடையை ஜெர்மனில் சொன்னேன். தெரிந்துகொண்டது அவர்களில் கண்ட நன்மை எதனாலும் அல்ல. தம்முடைய சித்தத்தினால்.

ஒரு சொல்லும் விழவில்லை.

அன்னிகா கை தூக்கினாள். சிரிக்கவில்லை. இப்போது உனக்கு இது ஆறுதலா, கொடூரமா என்று கேட்டாள்.

"எனக்குப் பொறாமை" என்றேன்.

யாருக்கும் விளங்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

விதிப்படி அந்த இடம் என்னுடையது. நான் வென்றேன். என்னைக் கீழே விட்டுவிட்டு அவளை ஏற்றினார். காய்ச்சலுக்கு மீறாத விதியை, என் அழுகைக்கு மீறாத விதியை, அவளுடைய காலுக்காக மீறினார். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை. அதனால் நான் உயிரோடு இருக்கிறேன். அது தெரியும். நன்றி சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். ஆனாலும் எரிகிறது. சால்வையைக் கிழித்தபோது அப்பாவின் முகம் எப்படி இருந்திருக்கும்? அவள் பார்த்திருப்பாள். மிகக் கிட்ட இருந்து. கடைசிவரை.

மறக்கக்கூடாது என்பதற்காக இழந்ததை எண்ணி வைக்கிறேன்.

அப்பா. ஒருவர்.

எஸ்தர் அக்கா. ஒருத்தி. பதின்மூன்று வயது. கேள்வி கேட்கப்படாதவள்.

கறுப்புச் சைக்கிள் ஒன்று. அரிசி ஒரு மூட்டை. பாதி சால்வை.

நான் வென்ற இடம் ஒன்று.