மூன்றில் ஒரு பங்கு

திருச்செந்தூர் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு முஸ்லிம் பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“மாமனாருக்கு முந்தியே என் பிள்ளைகளோட வாப்பா மவுத்தாயிட்டதால, மாமனார் சொத்துல பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாதாம், லாத்தா.”

மூத்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஏளா, யாரு சொன்னா?”

“பள்ளிவாசல் ஆலிம்சா. கொழுந்தன் உயிரோட இருக்காருல்லா, அவருக்குத்தான் போவுமாம்.”

“அதுக்குத்தான வசிய்யத் இருக்கு. மூணுல ஒரு பங்கப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மாமனார் எழுதலியா?”

பேருந்து முக்காணிப் பாலத்தில் ஏறியபோது இளையவள் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.

“பிள்ளைகளுக்கு எழுதணும்னு ஆஸ்பத்திரியில பேனாவ எடுத்தாரு லாத்தா. ‘மவுத்தப் பத்திப் பேசாதிய மாமா, நல்லாயிருவிய’ன்னு நான்தான் அதப் பிடுங்கி வச்சேன்.”