நாற்காலியோடு பேசு

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் முதலாளி அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் அத்தான் அவர்களே, அக்காவின் அக்கம்பக்கத்தாரே, ஒரே அறையில் வேலை பார்த்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போன நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லித்தான் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அக்கா, எங்கள் பதிலரசி, போய்விட்டார்! அந்தப் பட்டத்தை நாங்கள் சூட்டவில்லை. எங்கள் விளையாட்டுகளை ஆடிய முகம் தெரியாத மனிதர்கள் கடிதத்தில் எழுதி எழுதிச் சூட்டினார்கள்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? நாங்கள் கணினியில் துப்பறியும் கதை விளையாட்டுகள் செய்தோம். திரையில் ஓர் அறை இருக்கும். அதன் அடியில் ஒன்பது சொற்கள்: திற, மூடு, எடு, கொடு, தள்ளு, இழு, பார், பேசு, பயன்படுத்து. ஆடுகிறவர் ஒரு சொல்லை அழுத்திவிட்டு ஒரு பொருளை அழுத்துவார். ‘திற’, ‘பெட்டி’ என்றால் பெட்டி திறக்கும். ‘இழு’, ‘கடிகாரம்’ என்றால்? அதற்கும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே! நிரல் எழுதியவன் நான். பொருந்தாமல் எதை அழுத்தினாலும் வரும்படி ஒரே வாக்கியம் வைத்திருந்தேன்: ‘அது முடியாது.’

அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

“ஏம்ப்பா, ஒருத்தர் மெனக்கெட்டு ஒரு கடிகாரத்தைப் புடிச்சு இழுத்துப் பாக்குறாரு. அவரு மூஞ்சில கதவைச் சாத்துவியா? அவருக்குன்னு ரெண்டு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவ?”

அன்று கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். பொருள்கள் இடப்பக்கம், ஒன்பது சொற்கள் மேலே. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பதில். கடிகாரத்தை இழுத்தவருக்கு யார் பதில் எழுதினார்? அக்கா எழுதினார்: ‘இழுத்துவிட்டாய். ஆனால் ஒரு நிமிடம்கூட நீளவில்லை.’ குடையோடு பேசியவருக்கு யார் எழுதினார்? அக்கா எழுதினார்: ‘மழை வந்தால்தான் என் ஞாபகம் வருமா என்று குடை முறைத்துக்கொண்டது.’

அதற்கு ஒரு விரதம் வேறு வைத்திருந்தார். தானே செய்துபார்க்காமல் ஒரு கட்டத்தையும் நிரப்பமாட்டார். அலுவலக பீரோவைத் தள்ளி முதுகைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் குடையிடம் நின்று மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்துவிட்டார். வந்தவர் என்னைத் தனியே அழைத்து, “அந்தம்மாவுக்கு வீட்டுல ஏதும் பிரச்சினையா?” என்றார். ஞாபகம் இருக்கிறதா முதலாளி? அன்றைக்குச் சிரித்தோமே!

மாடிப்படியில் விழுந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த ஒருவர் அவருக்கு எழுதினார்: ‘வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். உங்கள் வாளியும் ஏணியும்தான் நாள் முழுக்க எனக்குப் பதில் சொல்லின.’ அந்தக் கடிதத்தை அக்கா மேசைக் கண்ணாடிக்கு அடியில் கடைசிவரை வைத்திருந்தார்.

இனி சொல்லப்போவதை நான் மறைத்தால் இந்த மேடையில் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்த ஒன்பது சொற்களையும் திரையிலிருந்து தூக்கி எறிந்தவன் நான். முதலாளி சொல்லிச் செய்யவில்லை, நானே போய்ச் சொன்னேன். ‘பொருளைத் தொட்டால் போதும், எது சரியோ அது தானாக நடக்கட்டும். நூறு கட்டத்தில் எண்பதை எவரும் தொடுவதே இல்லை’ என்று படம் போட்டு விளக்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா மட்டும் கேட்டார்: “அப்ப மிச்சக் கட்டத்துல வந்து நின்னவங்களுக்கு யாருப்பா பதில் சொல்லுவா?”

நான் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு பதினொரு ஆண்டுகள் பதிலரசி என்ன எழுதினார் தெரியுமா? திரையில் வரும் பொத்தான்களுக்குச் ‘சரி’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் எழுதினார்! ஐயோ, அந்தக் கையை அந்த வேலைக்கு வைத்தோமே! ஒன்பது சொற்களோடு மூன்று விளையாட்டுகள்தான் வந்திருந்தன; வீட்டில் மட்டும் யாரும் கேட்காத நான்காவது விளையாட்டுக்குக் கட்டங்களை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு பொருள்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுக் கட்டங்கள். ஒன்றே ஒன்று மிச்சம். கடைசிப் பொருள் ஒரு காலி நாற்காலி. அதற்குப் ‘பேசு’ என்ற கட்டம்.

போன வாரம் அத்தான் அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். “தம்பி, இந்த ஒண்ணை மட்டும் நிரப்பிக் குடுத்துடுப்பா. மனசு ஆறிடும்” என்றார்.

முதலாளி சற்றுமுன் இந்த விளையாட்டை வெளியிடுவோம் என்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள், எப்படி வெளியிடுவது? அதை ஓட்டும் நிரலை நான் அன்றே அழித்துவிட்டேன். மறுபடி எழுத எனக்குத் தெம்பும் இல்லை, கண்ணும் இல்லை. அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி சொல்லி அமர்வதுதான் முறை. எந்த வாயால் சொல்வேன்?

ஆனாலும் அத்தானுக்காக முயன்றேன். அக்காவின் விரதப்படியே செய்தேன். மூன்று நாள் அலுவலகத்தில் அவருடைய நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். வாய்விட்டுப் பேசினேன். “அக்கா, தப்புப் பண்ணிட்டேன்கா. நீங்க கேட்டதுக்கு அன்னைக்கே பதில் சொல்லியிருக்கணும்” என்றேன். பேசிவிட்டுக் காத்திருந்தேன். அவர் இருந்திருந்தால் அந்த நாற்காலி எனக்கு என்னவெல்லாம் சொல்லியிருக்கும்! எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அத்தான், இந்தாருங்கள் நோட்டு. கட்டத்தை நிரப்பிவிட்டேன். ‘அது முடியாது’ என்று எழுதியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள். பென்சிலால்தான் எழுதினேன். அழித்துவிட்டு நல்லதாக ஒன்று எழுத யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும், பென்சிலால்தான் எழுதினேன்.