விட்டுப்போன ரீலை மறுபடி ஓட்டியவர்

தலைவர் சுவாமிநாதன் அவர்களே, திரைப்படக் கழக உறுப்பினர்களே, சந்தையை முடித்துக்கொண்டு வந்திருக்கும் மேல்மலை மக்களே! இன்று காலை நான் முதலில் செய்த வேலை, இந்த மண்டபத்து ஜன்னல்களில் தொங்கிய கறுப்புத் துணிகளைக் கழற்றியதுதான். படம் போடுவதற்காக அவற்றை மாட்டிய, மறைந்த நம் செயலாளர் சேனாதிபதி அவர்களை வெளிச்சத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

சேனாதிபதி என்ன செய்துவிட்டார்? அமெரிக்கப் படங்களை மட்டுமே கேட்ட கோடைக்கானலுக்கு ஐரோப்பாவின் குடும்பக் கதைகளைக் கொண்டுவந்தார். 'படம் நகரவே மாட்டேன் என்கிறது' என்று நாமே குறைப்பட்டோம். அவர் போன பிறகு, அந்தப் படங்களை நிறுத்திவிடலாம் என்ற தீர்மானம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்புக்கு வருகிறது. பொருளாளர் என்ற முறையில் அதன் நகல் எனக்கும் வந்திருக்கிறது.

வாக்களிக்கும் முன் ஒரு மாலையை நினைத்துப் பாருங்கள். சொத்துக்காகப் பிரிந்த இரண்டு சகோதரர்களின் கதை. மொழி தெரியாதவர்களுக்காகச் சேனாதிபதி திரைக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைத் தமிழில் சொல்வார். அமெரிக்கப் படம் என்றால் வசனம் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டிவிடும். ஐரோப்பியப் படத்தில் பாத்திரங்கள் பேசாத இடத்தில் அவரும் பேசமாட்டார்.

அந்த அமைதி பொறுக்காமல் பின்வரிசையில் விசில் பறந்தது.

"ஏலே வேலுச்சாமி, தூங்கிட்டியா? வெரசா ஓட்டுலே!"

நம் ஆபரேட்டர் வேலுச்சாமி வத்தலக்குண்டில் டூரிங் கொட்டகையில் இருந்தவர். அங்கே விசில் பறந்தால் ஒரு ரீலை விட்டுவிட்டு அடுத்ததை ஓட்டுவது வழக்கம். இங்கேயும் அப்படியே செய்தார். முகம் திருப்பி உட்கார்ந்திருந்த சகோதரர்கள் மறுநொடி ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

பூண்டு விற்க வந்திருந்த வீரம்மாள் எழுந்தார். "ஐயா, அதுக்குள்ள எப்பிடிங்க ராசியானாங்க? எங் கொழுந்தன் எங்கிட்டப் பேசி வருசக்கணக்காச்சு. அந்தச் சூட்சுமத்தைச் சொன்னா நானும் செஞ்சுக்கிருவேன்ல?"

மண்டபமே சிரித்தது. சேனாதிபதியும் சிரித்தார். "சூட்சுமம் வேலுச்சாமி காலடியில கெடக்குங்க. எடுத்து ஓட்டச் சொல்றேன்."

விட்ட ரீல் ஓடியது. அண்ணன் உடைந்த கதவைச் செப்பனிடுகிறான். தம்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நிற்கிறான். பிறகு விளக்கை எடுத்துவந்து பிடிக்கிறான். ஒரு சொல் இல்லை. இந்த முறை விசிலும் இல்லை.

"ஆமா, இம்புட்டு நேரம் ஆகத்தானங்க செய்யும்" என்றார் வீரம்மாள்.

அதுதான் சேனாதிபதியின் வெற்றி! அவர் அமெரிக்கப் படங்களை வெறுத்தவர் அல்ல. அந்தப் படங்களில் குதிரை ஓட வேண்டிய இடத்தில் ஓடட்டும் என்பார். ஆனால் மனிதர்கள் மனம் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை யார் காட்டுவது? அதைப் பார்க்கும் பொறுமை நமக்கு இல்லை என்று யார் சொன்னது? அன்று இந்த மண்டபம் கடைசிக் காட்சிவரை அசையவில்லையே.

தலைவர் அவர்களே, தங்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் தாங்கள் என்பதும் தெரியும். அதை எதிர்த்து வாக்களிப்பேன். அதோடு நிற்கப் போவதில்லை. காலியாக உள்ள செயலாளர் பதவிக்கு நான் போட்டியிடுகிறேன். இதை என் வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.