கோபுரம் தெரிந்த இடம்

"சீட்டுல ஒரு கீறல்கூட இல்லக்கா."

ஆஸ்பத்திரியில் தையல் பிரிக்கும் அறைக்கு வெளியே, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னாள். அவள் தோளில் நெற்றிக் கட்டோடு இரண்டு வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவள் அதே தெருக்காரி போலும்.

"எந்த சீட்டுமா?"

"காருல கொழந்தைய உக்கார வச்சு பெல்ட்டு போடுற சீட்டு. எங்க அண்ணன் துபாய்லருந்து எடுத்துக்கினு வந்துச்சு. மெட்ராஸ்லருந்து வர்ற வழியெல்லாம் அதுலதான் இருந்தான். அழுதான், அப்பவும் நான் கழட்டல."

"அப்புறம் எப்பிடி அடிபட்டுது?"

"ஊருக்குள்ள வந்ததும் ஏகாம்பரநாதர் கோபுரம் தெரிஞ்சுது. கும்புடாம எப்பிடி போறது? பெல்ட்ட கழட்டி மடியில நிக்க வச்சேன். அப்பதான் மாடு குறுக்க வந்துது. அவரு பிரேக் போட்டாரு."

"மெதுவாத்தான வந்திருப்பீங்க?"

"மெதுவாத்தான். முன்சீட்டுக் கம்பியில போய் மோதிட்டான்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. இருவரும் நகர்ந்தார்கள்.

"கையாவது ஊனியிருக்கலாம், பாவம்."

"எங்கக்கா ஊனுவான்? சாமி கும்புடுன்னு அவன் ரெண்டு கையையும் நான்தான சேத்துப் புடிச்சிக்கினு இருந்தேன்."