மந்திரி போக வழி

பட்டுக்கோட்டையிலிருந்து முத்துப்பேட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் கரைவேட்டி கட்டிய இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலடியில் நாலைந்து தென்னங்கன்றுகள். மூத்தவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் தூக்கம் கலைந்தது.

“காட்டைக் காப்பாத்தணும்னா கொஞ்சம் வெட்டித்தான் ஆகணும் தம்பி.”

“அலையாத்திக் காட்டையா அண்ணே?”

“ஆமா. நாளைக்குக் காடு பாதுகாப்பு விழால்ல? மந்திரி படகுல ஏற மாட்டாரு. அதான் உள்ள வரைக்கும் மரத்தை வெட்டி ரோடு போட்டாச்சு.”

“அப்ப கன்னு எங்க நடுவாரு?”

“வெட்டின எடத்துலதான். வேற எங்க எடம் இருக்கு?”

“உப்புச் சேத்துல தென்னை நிக்குமாண்ணே?”

“போட்டோ எடுக்குற வரைக்கும் நிக்கும்.”

பக்கத்து இருக்கையில் காலி மீன்கூடையோடு இருந்த அம்மாள் திரும்பினார். “போன புயல்ல எங்க குப்பம் தப்பிச்சதே அந்தக் காட்டாலதாங்க. இனிமே புயல் வந்தா நாங்க என்ன பண்றது?”

மூத்தவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“கவலைப்படாதீங்கம்மா. மறுநாளே மந்திரி உங்க வீடு இருந்த எடத்துக்கே கார்ல வந்து நிவாரணம் குடுப்பாரு. அதான் ரோடு போட்டாச்சே.”